மெய்க்கீர்த்தி எழுத மறுத்தவர்

அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



எந்தப் பேராசிரியரின் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ, அவரிடம் கல்வெட்டுப் படித்தவர்களில் நானும் ஒருவன். கல்வெட்டின் மைப்படியை மேசையில் விரித்து, அரசனின் வெற்றிகளைப் பாடும் மெய்க்கீர்த்திப் பகுதியை உரக்கப் படிக்கச் சொல்வார். படித்து முடித்ததும் வென்ற நாடுகளின் பட்டியலைக் கேட்கமாட்டார். "இந்த அரசன் தோற்ற போர் எங்கேயப்பா?" என்றுதான் கேட்பார். நாங்கள் விழிப்போம். மெய்க்கீர்த்தி பொறிப்பது சோழ அரசன் முதலாம் ராஜராஜன் காலத்தில் தொடங்கிய வழக்கம். ஆட்சியாண்டு ஏற ஏற, வென்ற இடங்கள் சேர்ந்து மெய்க்கீர்த்தி நீளும். இழந்தது எதுவும் அதில் ஏறாது. பெயரில் 'மெய்' இருக்கிறது, உள்ளே பாதி மெய்தான் இருக்கிறது என்பார் பேராசிரியர்.

சோழர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அரசு பணம் கொடுத்து எழுதச் சொல்லும் எந்தப் போர் வரலாறும் இந்த வழியில்தான் இழுபடும். அப்படி இழுபடாமல் நின்ற ஒருவரைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். பெயர் நோபிள் ஃபிராங்க்லண்ட், ஆங்கிலேயர். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர். போர் முடிந்தபின் அரசின் ஊதியம் பெற்று, அரசின் இரகசிய ஆவணங்களைப் படித்து, அரசே வெளியிட்ட நூலில், தான் பறந்த படை எங்கெங்கே தவறியது என்று எழுதியவர். 97 வயதுவரை வாழ்ந்து 2019 அக்டோபரில் மறைந்தார். வான்போர் வரலாற்றில் ஈடுபாடுள்ளவர்கள் பலருக்கு விமானங்களின் வடிவும் வேகமும் வீரர்களின் சாகசமும்தான் முதலில் கண்ணில் படும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஃபிராங்க்லண்டைப் படித்தபிறகுதான், குண்டு எங்கே விழுந்தது என்ற ஒரு கேள்வி எவ்வளவு பெரியது என்று புரிந்தது.

அவர் பிறந்தது 1922 ஜூலை 4. இங்கிலாந்தின் வடக்கே, குன்றும் ஆட்டுப்பட்டியுமான வெஸ்ட்மர்லண்ட் அவருடைய ஊர்ப்பக்கம். செட்பர்க் பள்ளியில் படித்து, ஆக்ஸ்ஃபோர்டின் டிரினிட்டி கல்லூரியில் வரலாறு படிக்கப் போனார். படிப்பு பாதியில் நிற்க, 1941இல் விமானப்படையில் சேர்ந்தார். அங்கே அவர் நேவிகேட்டர் ஆனார். 50ஆம் ஸ்குவாட்ரனில், லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் பணி.

நேவிகேட்டரின் வேலையைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். லங்காஸ்டரில் ஏழு பேர் போவார்கள். விமானி, எஞ்சின் பொறியாளர், நேவிகேட்டர், குண்டுவீச்சாளர், கம்பியில்லாத் தந்தியாளர், மேலேயும் பின்னேயும் துப்பாக்கியோடு இருவர். இவர்களில் நேவிகேட்டருக்கு மட்டும் வெளியே பார்க்கும் வேலை அநேகமாகக் கிடையாது. விளக்கொளி வெளியே கசிந்தால் எதிரி விமானம் கண்டுகொள்ளும் என்பதால் அவருடைய மேசையைத் திரை போட்டு மறைத்திருப்பார்கள். உள்ளே சின்ன விளக்கு, வரைபடம், பென்சில், கடிகாரம். விமானத்தின் வேகம் இவ்வளவு, திசை இது, காற்று இந்தப் பக்கம் இவ்வளவு தள்ளுகிறது, புறப்பட்டு இத்தனை நிமிடம் ஆகிறது. ஆகவே இப்போது நாம் இங்கே இருக்கவேண்டும் என்று வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பார். காற்றைத் தவறாகக் கணித்தால் அந்தப் புள்ளி பொய். ஆனால் பொய் என்று அவருக்குத் தெரியாது. அடுத்த புள்ளியை அந்தப் பொய்யின் மேல்தான் வைப்பார். வெளியே பீரங்கி வெடிக்கும், தேடுவிளக்குகள் வானத்தைத் துழாவும். அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கவேண்டும்.

முப்பது முறை பறந்து வந்தால் ஒரு சுற்று முடிந்ததாகக் கணக்கு. ஒரு இரவில் நூறு விமானத்தில் ஐந்து திரும்பாமல் போவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பது இரவு தாண்டி உயிரோடு நிற்பவர் ஐந்தில் ஒருவர். பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்தவர்கள் ஏறத்தாழ 1,25,000 பேர், இறந்தவர்கள் 55,573 பேர். 1944 மார்ச் 30 இரவு நியூரம்பெர்க்கைத் தாக்கப் போன 795 விமானங்களில் 95 திரும்பவில்லை. அந்த ஆண்டில்தான் ஃபிராங்க்லண்டுக்கு டிஸ்டிங்விஷ்டு ஃப்ளையிங் கிராஸ் என்ற பதக்கம் கிடைத்தது. பதக்கத்தைவிட, உயிரோடு திரும்பியதே அரிது என்பதை நாம் மறக்கக்கூடாது. பின்னாளில் 'போருக்குப் போகாத மேதாவிகள்' என்று வரலாற்றாசிரியர்களை ஒதுக்கிவிட விரும்பியவர்களுக்கு இவரிடம் அந்த வழி அடைபட்டிருந்தது.

இப்போது, அவர் படையில் சேர்ந்த அதே 1941இல் நடந்த ஒரு விஷயத்துக்கு வருகிறேன். இன்றைய பேச்சில் நான் நெடுநேரம் நிற்கப்போகும் இடம் இதுதான்.

பகலில் ஜெர்மனிக்குள் பறந்தால் சுட்டு வீழ்த்திவிடுகிறார்கள் என்று போரின் தொடக்கத்திலேயே கண்டுகொண்ட பிரிட்டிஷ் விமானப்படை, இரவுக்கு மாறியிருந்தது. ஒவ்வொரு இரவும் விமானங்கள் போகும். விடியற்காலையில் திரும்பியவர்களை உட்காரவைத்து உளவு அதிகாரி கேட்பார்: இலக்கைக் கண்டீர்களா, தாக்கினீர்களா? கண்டோம், தாக்கினோம், தீ எழுந்தது என்பார்கள். அது அறிக்கையாகும், அறிக்கை செய்தியாகும். ஆலை எரிந்தது, ரயில்வே யார்டு சிதைந்தது என்று நாடே நம்பிக்கொண்டிருந்தது.

பிரதமர் சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகர் செர்வெல் பிரபுவுக்கு ஐயம் வந்தது. குண்டு விழும் கணத்தில் தானாகப் படமெடுக்கும் கேமராக்கள் சில விமானங்களில் இருந்தன. அந்தப் படங்களை ஆராயும்படி தன் செயலாளர் டேவிட் பென்சூசன் பட்டிடம் சொன்னார். பட் பொருளாதாரம் படித்த இளைஞர். கெய்ன்ஸின் புகழ்பெற்ற 'பொதுக் கோட்பாடு' நூலுக்குச் சொல்லடைவு தயாரித்தவர் அவர்தான். சொல்லடைவு தயாரிப்பவனின் பொறுமை இந்த வேலைக்கு மிகவும் பொருந்தியது என்றே நினைக்கிறேன். 1941 ஜூன், ஜூலை மாதங்களில் எடுத்த 600க்கும் மேற்பட்ட படங்களை ஒவ்வொன்றாக வரைபடத்தோடு ஒப்பிட்டார். ஆகஸ்ட் 18இல் அறிக்கை தந்தார்.

இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில், இலக்கிலிருந்து ஐந்து மைலுக்குள் வந்தவை மூன்றில் ஒன்று. முழு நிலவில் ஐந்தில் இரண்டு. அமாவாசை இருட்டில் பதினைந்தில் ஒன்று. ஆலைப்புகை மண்டிய ரூர் பள்ளத்தாக்கில் பத்தில் ஒன்று. ஐந்து மைல் என்றால் எவ்வளவு? சென்னைக் கோட்டையைக் குறிவைத்துப் போட்ட குண்டு அடையாற்றங்கரையில் விழுந்தாலும் இந்தக் கணக்கில் அது இலக்கை அடைந்த குண்டுதான். அத்தனை தாராளமாக அளந்தும் மூன்றில் ஒன்றுதான் தேறியது. இலக்கைத் தாக்கவே இல்லை என்று ஒப்புக்கொண்டவர்கள் இந்தக் கணக்கிலேயே சேரவில்லை.

பறந்தவர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. அப்படிச் சொல்லியிருந்தால் வரலாற்றாசிரியனின் வேலை சுலபம். உயிரைப் பணயம் வைத்துப் போய், கண்ணால் கண்டதை, மனதார நம்பியதைச் சொன்னார்கள். வயல்வெளியில் எரிந்த தீயை ஆலையின் தீ என்று நம்பினார்கள். காற்றுக் கணக்கு பிசகியது என்று திரைக்குப் பின்னால் இருந்த நேவிகேட்டருக்கு எப்படித் தெரியும்? இங்கே இருக்கும் மாணவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கள்ள ஆவணத்தைக் கண்டுபிடிக்க நமக்குப் பயிற்சி தருகிறார்கள். நல்லவன், வீரன், நேர்மையானவன் எழுதிவைத்த தவறான அறிக்கையைச் சோதிப்பதற்குக் கூடுதலாக ஒன்று வேண்டும். அவனை மதித்துக்கொண்டே அவன் சொன்னதை ஏற்காமல் இருக்கும் திடம் வேண்டும். ஃபிராங்க்லண்டிடம் அது இருந்தது. எப்படி வந்தது என்றால், அந்த மேசையில் உட்கார்ந்தவர் அவர். அங்கிருந்து வரும் புள்ளி எவ்வளவு உறுதியானது என்று அவருக்குத் தெரியும்.

போர் முடிந்து ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பிப் படிப்பை முடித்தார். 1948இல் விமான அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவில் வேலை. 1951இல் முனைவர் பட்டம். அதே ஆண்டில் அமைச்சரவை அலுவலகம் அவரை அதிகாரபூர்வ வரலாற்றாசிரியராக நியமித்தது. ஜெர்மனி மீதான குண்டுவீச்சுப் போரின் வரலாற்றை அவரும் சர் சார்ல்ஸ் வெப்ஸ்டரும் சேர்ந்து எழுதவேண்டும் என்று ஏற்பாடு. வெப்ஸ்டர் 1886இல் பிறந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டு இராஜதந்திர வரலாற்றில் பெரிய பெயர். ஐக்கிய நாடுகள் சாசனம் உருவான சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் பிரிட்டிஷ் குழுவோடு வேலை செய்தவர். அவருக்கும் ஃபிராங்க்லண்டுக்கும் முப்பத்தாறு வயது வித்தியாசம். ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு வெளியுறவு அமைச்சர் காஸில்ரேயின் கடிதங்களில் ஊறியவர், மற்றவர் லங்காஸ்டரிலிருந்து இறங்கி வந்தவர். பத்தாண்டு சேர்ந்து எழுதினார்கள்.

அந்த நூல் இடம்பெற்ற அதிகாரபூர்வப் போர் வரலாற்று வரிசைக்குப் பொதுப் பதிப்பாசிரியர் சர் ஜேம்ஸ் பட்லர். அதில் ஒரு நல்ல விதி இருந்தது. எழுதுபவர்களுக்கு எல்லா ஆவணங்களும் திறந்திருக்கும். எழுதியதற்கும் கருத்துகளுக்கும் எழுதியவரும் பதிப்பாசிரியரும்தான் பொறுப்பு, அரசு பொறுப்பல்ல. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. நடைமுறையில், கையெழுத்துப்படி அமைச்சகத்துக்குப் போகும், அங்கிருந்து ஆட்சேபங்கள் வரும். விமான அமைச்சகத்திலிருந்து நீண்ட ஆட்சேபங்கள் வந்தன. உண்மைத் தவறு என்று காட்டியதைத் திருத்தினார்கள். முடிவுகளை மென்மையாக்கச் சொன்னபோது மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பில் வெப்ஸ்டரின் வயதும் பெயரும் இளையவருக்குக் குடையாக இருந்தன. குடை பிடிக்க ஒரு மூத்தவர் இல்லாமல் எத்தனை நல்ல ஆய்வுகள் நனைந்துபோயிருக்கின்றன என்பது இந்த அவையில் பலருக்குத் தெரியும்.

1961 அக்டோபரில் 'ஜெர்மனிக்கு எதிரான போர்த்தந்திர வான்தாக்குதல்' நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. அதில் என்ன சொன்னார்கள்?

குறித்த ஆலையை அடிக்கமுடியவில்லை என்று பட்டின் அறிக்கை காட்டியபிறகு, பிரிட்டன் நகரங்களையே இலக்காக்கியது. 1942 பிப்ரவரி 14இல் அதற்கான உத்தரவு பிறந்தது. ஒரு வாரம் கழித்து சர் ஆர்தர் ஹாரிஸ் பாம்பர் கமாண்டின் தலைவரானார். நகரங்களை அடித்துக்கொண்டே போனால் ஜெர்மனி தானாகச் சரியும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. மே மாதம் கொலோன் மீது ஒரே இரவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள். 1943 ஜூலையில் ஹாம்பர்க் எரிந்தது. அந்தக் குளிர்காலம் முழுதும் பெர்லின். வெப்ஸ்டரும் ஃபிராங்க்லண்டும் ஜெர்மானிய உற்பத்திக் கணக்குகளை எடுத்துவைத்துக் கேட்டார்கள்: சரிந்ததா? ஜெர்மானியர்களே வைத்திருந்த ஆயுத உற்பத்திக் குறியீடு 1942 தொடக்கத்தில் 100 என்றால், 1944 ஜூலையில் 322. நகரங்கள் இடிந்துகொண்டிருந்தபோது துப்பாக்கிகளும் விமானங்களும் கூடிக்கொண்டிருந்தன. மக்களின் மனவுறுதி உடையும் என்ற எதிர்பார்ப்பும் நிறைவேறவில்லை.

அப்படியானால் எல்லாம் வீண் என்றார்களா? அதுவும் இல்லை. 1944இல் நிலைமை மாறியது, அதற்குக் காரணம் இருந்தது. முஸ்டாங் என்ற அமெரிக்கச் சண்டை விமானம், ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் எஞ்சினோடும் கழற்றிவிடக்கூடிய எரிபொருள் தொட்டிகளோடும், குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாகப் பெர்லின்வரை போய்வரத் தொடங்கியது. நீண்ட தூரம் பறக்கும் சண்டை விமானம் சொந்த மண்ணுக்கு மேலே நிற்கும் எதிரியின் சண்டை விமானத்துக்கு ஈடுகொடுக்கமுடியாது என்று 1941இல் விமானப்படைத் தலைவர் போர்ட்டல் சர்ச்சிலிடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு தீர்மானம் எத்தனை உயிர்களை விழுங்கியது என்பதை இந்த நூல் மறைக்கவில்லை. கடலை ஆள எதிரியின் கப்பற்படையை முதலில் முறியடிக்கவேண்டும். வானமும் அப்படித்தான், குண்டுவீச்சு விமானம் தன்பாட்டுக்கு நழுவிப்போய்ப் போரை வென்றுவிடமுடியாது. ஃபிராங்க்லண்டின் சிந்தனைக்கு முதுகெலும்பு இந்தக் கருத்து. பின்னர் 1963இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் லீஸ் நோல்ஸ் சொற்பொழிவுகளில் இதை விரித்துரைத்தார். அதுவும் நம்முடையதைப் போல ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவுதான். இரண்டு ஆண்டில் சிறு நூலாக வந்தது. நான்கு தொகுதிகளுக்கு அஞ்சுபவர்கள் அதில் தொடங்கலாம்.

வானம் வசப்பட்டதும் எரிபொருள் ஆலைகளை அடித்தார்கள். 1944 மே 12இல் அமெரிக்கர்கள் தொடங்கினார்கள். ஏப்ரலில் ஜெர்மனி உற்பத்தி செய்த விமான எரிபொருள் 1,75,000 டன். செப்டம்பரில் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. விமானங்கள் ஆலையிலிருந்து வந்து நின்றன, பறக்க எரிபொருள் இல்லை. விமானி பயிற்சிக்குக்கூட இல்லை. அந்தக் கட்டத்தில் ஹாரிஸ் எரிபொருள் இலக்குகளில் போதிய முனைப்பு காட்டவில்லை என்று போர்ட்டல் கருதினார். 1944 நவம்பர் முதல் 1945 ஜனவரி வரை இருவருக்கும் இடையே நீண்ட கடிதப்போர் நடந்தது. ஒரு கட்டத்தில் ஹாரிஸ் விலகிக்கொள்ளத் தயார் என்றே எழுதினார். போர்ட்டல் அவரை விடவில்லை, மாற்றவும் இல்லை. தளபதிகளுக்கு இடையே நடந்த அந்தக் கடிதப் போக்குவரத்தைப் பொதுமக்கள் படிக்கும்படி நூலில் எடுத்துவைத்தார்கள். நூல் வந்தபோது ஹாரிஸும் போர்ட்டலும் உயிரோடு இருந்தார்கள். நான் முதன்முறை அந்தப் பக்கங்களைப் படித்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு முன்னட்டையில் அரசு வெளியீடு என்று போட்டிருக்கிறதா என்று மறுபடி பார்த்தேன்.

முடிவாக வெப்ஸ்டரும் ஃபிராங்க்லண்டும் சொன்னது: குண்டுவீச்சுப் போர் கடைசி ஓராண்டில் வெற்றிக்குத் தீர்மானமான பங்கு ஆற்றியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் வாக்களித்ததை அது தரவில்லை.

நூல் வெளிவருவதற்குச் சில வாரம் முன்பு, ஆகஸ்டில், வெப்ஸ்டர் காலமாகிவிட்டார். குடை போய்விட்டது. முப்பத்தொன்பது வயது ஃபிராங்க்லண்ட் தனியாக நின்றார். பத்திரிகைகள் நான்கு தொகுதியை ஒரு வரியாக்கின. 'விலை மிகுந்த தோல்வி' என்பதுபோலத் தலைப்புகள் வந்தன. நூலில் அப்படி இல்லை. பாம்பர் கமாண்டில் உயர் பதவியில் இருந்த சிலர் கொதித்தெழுந்தார்கள். இறந்தவர்களை அவமதித்துவிட்டார் என்ற பேச்சு எழுந்தது. மகனை இழந்த ஒரு தாய் காலைச் செய்தித்தாளில் 'தோல்வி' என்ற சொல்லைப் பார்த்தால் என்ன நினைப்பாள் என்று யோசித்துப்பாருங்கள். அந்தக் கோபத்தை நான் இலேசாக எண்ணவில்லை.

ஆனால் இறந்தவர்களில் ஃபிராங்க்லண்டின் தோழர்களும் இருந்தார்கள். நம் ஊரில் நடுகல் நட்டவர்கள் என்ன எழுதினார்கள்? யார், எந்த ஊர், எந்தப் பூசலில், யாருடைய ஆட்சியில் பட்டான் என்று எழுதினார்கள். வென்றான் என்று எழுதவேண்டிய கட்டாயம் நடுகல்லுக்கு இல்லை. பட்டவனுக்கு அது குறைவும் இல்லை. ஃபிராங்க்லண்டின் நான்கு தொகுதிகளை நான் அந்த இனத்தில் சேர்ப்பேன். எதற்காகப் போனார்கள், எங்கே போனார்கள், என்ன ஆயிற்று என்று உள்ளபடி சொல்வதுதான் அவர்களுக்குச் செய்யும் கடன் என்று அவர் நினைத்தார்.

அவரிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதைச் சொல்லாமல் போனால் பேராசிரியர் கேட்ட கேள்வியை நான் மறந்தவனாவேன். குண்டுக்குக் கீழே இருந்தவர்கள் அந்த நூலில் போதிய அளவு இல்லை. ஹாம்பர்க்கில் மட்டும் 35,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ஏராளம். நூல் அவர்களை உற்பத்தி இழப்பாகவும் மனவுறுதியாகவும்தான் பெரும்பாலும் பார்க்கிறது. நகரங்களை எரித்தது அறமா என்று பின்னாளில் கேட்டபோது, 1940, 41இல் ஹிட்லரிடம் தோற்பதைவிடப் பெரிய அறக்கேடு பிரிட்டனுக்கு இருந்திருக்கமுடியாது, கையில் இருந்த ஒரே தாக்குதல் வழியைக் கைவிட்டிருந்தால் அந்தத் தோல்வியை நோக்கித்தான் போயிருப்போம் என்ற கருத்தில் பதில் சொன்னார். 1941க்கு அந்தப் பதில் பொருந்தும் என்று ஏற்கிறேன். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் எரிந்தபோது பிரிட்டன் தோற்கும் நிலையில் இல்லை. அங்கே அந்தப் பதில் போதாது.

அவர் முடிவுகள் எல்லாம் இன்றுவரை அப்படியே நிற்கின்றன என்றும் சொல்லமாட்டேன். ஜெர்மனியின் போர்க்காலப் பொருளாதாரத்தை ஆராய்ந்த ஆடம் டூஸ், 2006இல் வெளியிட்ட நூலில், 1943 வசந்தத்திலும் கோடையிலும் ரூர் பகுதியை இடித்தது ஜெர்மானிய ஆயுத உற்பத்தியின் வளர்ச்சியைப் பல மாதம் தடுத்து நிறுத்தியது என்று காட்டினார். அப்படியானால் நகரத் தாக்குதலுக்கு ஃபிராங்க்லண்ட் கொடுத்ததைவிடக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கவேண்டும். இதற்கிடையே கோழிப்பண்ணை நடத்திவந்த மார்ட்டின் மிடில்புரூக் போன்றவர்கள், உயிரோடிருந்த வீரர்களைத் தேடித்தேடிப் பேட்டி எடுத்து, ஒரே ஓர் இரவின் கதையை முழு நூலாக எழுதினார்கள். நியூரம்பெர்க் இரவைப் பற்றிய அவருடைய நூல் 1973இல் வந்தது. அதிகாரபூர்வ வரலாற்றில் இல்லாத பயமும் குளிரும் வியர்வையும் அதில் உண்டு.

நூல் வெளியாவதற்கு ஓராண்டு முன்பே, 1960இல், ஃபிராங்க்லண்ட் லண்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்துக்கு இயக்குநராகிவிட்டார். ஒரு காலத்தில் பெத்லெம் மனநல மருத்துவமனையாக இருந்த கட்டடம் அது. கவனிப்பாரற்றுக் கிடந்த இடத்தை 22 ஆண்டுகளில் ஆய்வு நிறுவனமாக மாற்றினார். கேம்பிரிட்ஜ் அருகே டக்ஸ்ஃபோர்ட் என்ற பழைய போர்விமானத் தளம் அருங்காட்சியகத்தின் கிளையானது அவர் காலத்தில்தான். தேம்ஸ் ஆற்றில் நிற்கும் பெல்ஃபாஸ்ட் போர்க்கப்பலும் 1978இல் அதோடு சேர்ந்தது. விமானங்களைப் பார்க்க ஆசைப்படும் எவரும் டக்ஸ்ஃபோர்டுக்கு ஒருமுறை போய்வரவேண்டும்.

இந்த நிர்வாகப் பணிகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 1964இல் முதல் உலகப்போரின் ஐம்பதாம் ஆண்டையொட்டி பிபிசி 26 பகுதிகளாக ஒரு தொடர் தயாரித்தது. படச்சுருள்கள் பல அருங்காட்சியகத்தின் காப்பகத்திலிருந்து போனவை. உண்மையான போர்க்களக் காட்சிகளையும், பின்னால் நடித்துப் படமாக்கியவற்றையும் அந்தத் தொடர் கலந்து காட்டியது. எது எது என்று பார்ப்பவருக்குச் சொல்லவில்லை. ஃபிராங்க்லண்ட் கடுமையாக ஆட்சேபித்தார். பலருக்கு இது அற்பமாகத் தோன்றியது. பதுங்குகுழியிலிருந்து வீரர்கள் மேலேறிப் புகைக்குள் போகும் அந்தப் புகழ்பெற்ற காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1916இன் 'சோம் போர்' படத்தில் வருவது. களத்துக்குப் பின்னால், பாதுகாப்பான இடத்தில் நடிக்கவைத்து எடுத்தது அது. இன்றும் அதை உண்மை என்று எத்தனை நிகழ்ச்சிகளில் காட்டுகிறார்கள்! சரிபார்க்காத புள்ளியை வரைபடத்தில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. பத்தாண்டு கழித்து தேம்ஸ் தொலைக்காட்சி 'உலகம் போரில்' என்ற தொடரை எடுத்தபோது அவரையே வரலாற்று ஆலோசகராக வைத்துக்கொண்டார்கள். ஜெரமி ஐசக்ஸ் தயாரித்து, லாரன்ஸ் ஒலிவியே குரல் கொடுத்தது. 1973இல் தொடங்கி ஒளிபரப்பான அந்தத் தொடரை இன்றும் அந்த வகையில் சிறந்தது என்று சொல்கிறார்கள் என்றால், அதில் அவருடைய பிடிவாதத்துக்கும் பங்கு உண்டு.

நம் நாட்டைப் பற்றியும் ஒரு சொல். 1965 இந்திய-பாகிஸ்தான் போரின் வரலாற்றை நம் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவு எழுதி முடித்தது 1992இல். உள்சுற்றுக்கு மட்டும் என்று வைத்துவிட்டார்கள். 2000இல் ஒரு நாளிதழ் அதை இணையத்தில் போட்டபிறகுதான் நாடு படித்தது. அந்தப் போரின் செப்டம்பர் 6 மாலையில் பதான்கோட் தளத்தில் தரையில் நின்ற நம் விமானங்கள் தாக்கப்பட்டு எரிந்தன. அதை எழுதுவதால் அன்று பறந்த நம் விமானிகளின் வீரம் குறையாது. 2005இல் ஜெகன் மோகனும் சமீர் சோப்ராவும் அந்த வான்போரைப் பற்றி எழுதிய நூல் இழப்புகளையும் சேர்த்தே சொல்கிறது. படிப்பவருக்கு விமானிகள்மேல் மதிப்பு கூடத்தான் செய்கிறது. போர் ஆவணங்களைக் காலவரம்பு வைத்துத் திறக்கவேண்டும், வரலாறு எழுதவேண்டும் என்று பரிந்துரைத்தது கார்கில் ஆய்வுக் குழு. அதற்குத் தலைமை வகித்தவர் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம். அந்தப் பரிந்துரையை ஒட்டி, போர் வரலாறுகளை ஐந்து ஆண்டுக்குள் எழுதித் தொகுக்கவேண்டும், ஆவணங்கள் பொதுவாக 25 ஆண்டுகளில் திறக்கப்படவேண்டும் என்ற கொள்கை 2021 ஜூனில் வந்தது. அந்தக் கோப்புகள் திறக்கும்போது அவற்றைப் படிக்கப் பயிற்சி பெற்றவர்கள் இந்த வகுப்பறையிலிருந்து போகவேண்டும் என்பது என் ஆசை.

முதுமையில் ஃபிராங்க்லண்ட் இரண்டு நாவல்கள் எழுதினார். 1998இல் தன் நினைவுக்குறிப்பை வெளியிட்டார். தலைப்பிலேயே வரலாற்றையும் போரையும் சேர்த்திருந்தார். அமைச்சகத்தோடும் பத்திரிகைகளோடும் நடந்த சண்டைகள் அதில் விரிவாக உள்ளன.

அந்த அதிகாரபூர்வ வரலாற்றின் நான்காம் தொகுதியைப் பற்றிச் சொல்லி அமர்கிறேன். அதில் கதை கிடையாது. பின்னிணைப்புகளும் ஆவணங்களும் அட்டவணைகளும்தான். நூலகங்களில் முதல் மூன்று தொகுதிகளும் கை பட்டுக் கசங்கியிருக்கும், நான்காவது புத்தம் புதிதாக இருக்கும். பட் 1941 ஆகஸ்டில் கொடுத்த அறிக்கையை அதில் பதிமூன்றாம் பின்னிணைப்பாக அச்சிட்டிருக்கிறார்கள். இலக்கை அடையாத அந்த விமானங்களில் இருந்தவர்களைப் போன்ற ஒரு நேவிகேட்டர், இருபது ஆண்டு கழித்து அதை அச்சுக்குக் கொடுத்திருக்கிறார். மாணவர்கள் முதலில் அந்தத் தொகுதியை எடுத்துப் படியுங்கள்.